கிரீட்டின் தென்கரைக்குக் காரில்: ஆளரவமற்ற கடற்கரைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மத்தியதரைக் கடலில் அமைதியான கடற்கரை வேண்டும் என்று கேட்பவர்களிடம், மலைப்பாதையில் வண்டி ஓட்டத் தயங்குவீர்களா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கிரேக்கத்தின் மிகப் பெரிய தீவான கிரீட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்வி. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீண்டும், வடக்கு தெற்காக 12 முதல் 60 கிலோமீட்டர் வரை மட்டுமே அகன்றும் கிடக்கும் இத்தீவின் முதுகெலும்பாக மலைத்தொடர்கள் ஓடுகின்றன. அவற்றுள் மேற்கிலுள்ள வெண்மலைகளும் நடுவிலுள்ள சிலோரிதிஸும் 2,450 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. பெரிய விமான நிலையங்கள், துறைமுகங்கள், நகரங்கள், நெடுஞ்சாலை எல்லாம் வடகரையில் இருக்கின்றன. லிபியக் கடலைப் பார்த்திருக்கும் தென்கரையிலோ, முழுவதும் தொடர்ந்து செல்லும் சாலை என்று ஒன்று கிடையாது. மலை செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடங்களில் சாலை நின்றுவிடுகிறது. பக்கத்துக் கரைக்குப் போகவும் மேலே ஏறி, ஓர் ஊரைச் சுற்றி, மறுபடி கீழே இறங்க வேண்டியிருக்கும். சுற்றுலாப் பேருந்துகள் இந்தச் சிரமத்தை விரும்புவதில்லை. ஆகவே இங்கே கரையைத் தேர்ந்தெடுப்பதைவிட, அதற்கு இறங்கும் சாலையைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம்.

தீவின் மேற்கிலுள்ள புகழ்பெற்ற கரைகளான பாலோஸ், எலஃபோனிசி ஆகிய இரண்டும் அழகில் குறைந்தவை அல்ல. ஆனால் கோடையில் அங்கே வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே காலைப்பொழுது கழிந்துவிடும் என்பதால், இந்த வழிகாட்டியில் அவற்றைத் தாண்டிச் செல்கிறேன்.

முதல் படி: மாதத்தையும் காற்றையும் பொருத்திப் பார்த்தல்

மே மாத நடுவிலிருந்து ஜூன் நடுவரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் இறுதிக்குச் சற்று முன்பு வரையும் செல்வதே சிறந்தது. இவ்விரண்டில் எனக்குப் பிடித்தது பிந்தையது. மே மாதத்தில் கடல்நீர் சுமார் 19 அல்லது 20 டிகிரியில்தான் இருக்கும். வங்கக் கடலின் வெதுவெதுப்புக்குப் பழகிய உடம்புக்கு அது நடுக்கும் குளிர். செப்டம்பரில் அது 25 டிகிரியை ஒட்டி இருக்கும். நவம்பர் பிறந்தால் மழைக்காலம் தொடங்கிவிடும். தென்கரை ஊர்களில் பல விடுதிகளும் உணவகங்களும் மூடப்பட்டிருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலின் மேல் ‘மெல்தேமி’ என்னும் வடகாற்று நாள்கணக்கில் வீசும். பால்கன் பகுதியின் உயர் அழுத்தத்துக்கும் ஆசியா மைனரின் தாழ் அழுத்தத்துக்கும் இடையே உண்டாகும் இக்காற்று வடகரையில் அலைகளை எழுப்புகிறது. தென்கரையில் மலை மறைப்பதால் கடல் தட்டையாகக் காட்சியளிக்கும். ஆனால் இந்தத் தட்டையான தோற்றத்தை நம்பிவிடக் கூடாது. மலையைத் தாண்டி வரும் காற்று, பள்ளத்தாக்குகளைக் குழாய்போலப் பயன்படுத்திக்கொண்டு கீழே பாயும். பிளாகியாஸ் என்னும் ஊர் இரண்டு பெரும் பள்ளத்தாக்குகளின் வாயிலுக்கு அருகே இருப்பதால், வடகாற்று நாளில் அங்கே மணல் முகத்தில் அறையும். மேலும், இக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது என்பதால், காற்றடைத்த மிதவையில் குழந்தை ஏறினால் அது கரையை விட்டு விலகிக்கொண்டே போகும். தென்கரையில் அலையைவிட இதற்குத்தான் நான் அஞ்சுவேன். காற்று வீசும் நாளில் மிதவைகளை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

இதற்கு எதிரானது தென்காற்று. அது வீசும் நாள்களில் தென்கரை முழுவதும் அலை பொங்கும். வசந்த காலத்தில் ஆப்பிரிக்கத் தூசியும் சேர்ந்து வானம் மஞ்சளாகும். அன்று வடகரைக்குப் போவதே அறிவு.

இரண்டாம் படி: ஆவணங்களும் வண்டியும்

இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள், ஷெங்கன் விசாவுடன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வழியாகப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் பெற்றுச் செல்ல வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். அசல் உரிமமும் உடன் இருந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் உரிமம் பெற்ற புலம்பெயர் தமிழர்களுக்கு இந்தத் தனி அனுமதி தேவையில்லை.

வாடகைக்குச் சிறிய வண்டியையே எடுங்கள். மலையூர்களின் தெருக்கள் கழுதைகளுக்காக அமைந்தவை. அகலமான வண்டியை இரு வீடுகளுக்கிடையே செருகிவிட்டுப் பின்னால் எடுக்க முடியாமல் தவிப்பதைவிட, ஏற்றத்தில் சற்றுத் திணறும் சிறு வண்டி மேலானது. கியர் தானாக மாறும் வண்டிகள் குறைவு என்பதால் அவற்றை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கியர்க் கம்பி வலக்கைப் பக்கம் இருக்கும். சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு நெடுஞ்சாலையில் குழப்பம் வராது. ஆளில்லாத மலைச்சாலையில் ஆட்டு மந்தைக்காக நின்றுவிட்டு மறுபடி கிளம்பும் நொடியில்தான் கை தன்னிச்சையாக இடப்பக்கம் திருப்பும். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ‘வலப்பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்வது நல்ல பழக்கம்.

காப்பீட்டு ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை நிதானமாகப் படியுங்கள். அடிப்படைக் காப்பீடு பெரும்பாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகிய மூன்றையும் விட்டுவிடும். மண்சாலையில் ஓட்டினால் காப்பீடே செல்லாது என்ற விதியும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஆளில்லாத கரைகளுக்குச் செல்லும் கடைசி சில கிலோமீட்டர்கள் பெரும்பாலும் மண்சாலை என்பதால், இந்த விதியே உங்கள் பயணத்தின் எல்லையை வகுக்கிறது. நான் சொல்லும் கரைகளில் பெரும்பாலானவை தார்ச்சாலையால் எட்டக்கூடியவை. மண்சாலை வரும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்; அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதும் ஒரு வழிதான். வண்டியைப் பெறும்போது நான்கு பக்கமும், சக்கரங்களையும், முடிந்தால் அடிப்பாகத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தூரத்தை மணிக்கணக்காக மாற்றுதல்

வடகரை நகரமான ஹானியாவிலிருந்து தென்கரையின் சூயாவுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சமவெளிக் கணக்கில் ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். உண்மையில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மலைச்சாலையில் சராசரி வேகம் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டருக்கு மேல் போகாது என்று வைத்துக்கொண்டு திட்டமிட்டால் ஏமாற்றம் இல்லை. ஒரு நாளில் ஒரே ஒரு முறை மலையைக் கடப்பது என்று விதி வகுத்துக்கொள்வதும் நல்லது. வடகரையில் அறை எடுத்துக்கொண்டு தினமும் தெற்கே போய்த் திரும்புபவர்கள், கடலில் இருக்கும் நேரத்தைவிட வளைவுகளில் கழிக்கும் நேரமே அதிகம். மூன்று அல்லது நான்கு இரவுகளுக்கு ஒரு தென்கரை ஊர் என்று தங்கினால், காலை எட்டு மணிக்கே கரையில் இருக்கலாம்; நகரத்திலிருந்து கிளம்புபவர்கள் வந்துசேர பதினொரு மணியாகிவிடும்.

கைப்பேசி வரைபடத்தை இணையமின்றிப் பயன்படுத்தும்படி முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். அது காட்டும் மிகக் குறுகிய வழியை மட்டும் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம். ஆலிவ் தோட்டத்துக்குள் டிராக்டர் போகும் தடத்தையும் அது சாலையென்றே எண்ணிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ஊர்க் காப்பிக்கடையான ‘கஃபெனியோ’வில் கேளுங்கள், இந்த வண்டி போகுமா என்ற கேள்விக்கு அங்கே உட்கார்ந்திருக்கும் முதியவர்களைவிடச் சரியான விடை தருபவர் இல்லை.

பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் கிரேக்க எழுத்திலும் இலத்தீன் எழுத்திலும் இருக்கும். சில சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்: ‘பராலியா’ என்றால் கடற்கரை, ‘ஆனோ’ என்றால் மேல், ‘காதோ’ என்றால் கீழ். கிரேக்கப் பகர எழுத்து இரண்டு கால் நட்டு மேலே விட்டம் போட்ட பந்தலைப்போல இருக்கும். கையால் எழுதிய பலகையில் பந்தல் எழுத்தில் தொடங்கும் சொல்லும் அம்புக்குறியும் இருந்தால், அது பெரும்பாலும் கடலுக்குப் போகும் வழி. ஸ்ஃபகியா பகுதியில் துப்பாக்கிக் குண்டு துளைத்த பலகைகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது அவ்வூர்க்காரர்களின் பழைய விளையாட்டு.

நான்காம் படி: மலைச்சாலையில் ஓட்டும் முறை

ஊருக்கு வெளியே பொதுவாக 90 கிலோமீட்டர் என்பது சட்டம் அனுமதிக்கும் வேகம். கொண்டை ஊசி வளைவுகள் அனுமதிப்பது அதைவிட மிகக் குறைவு. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், இரண்டாம் கியரில் இறங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஒரு முறை ஒலியெழுப்புவதை இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பின்னால் வரும் உள்ளூர்க்காரர் ஒட்டிக்கொண்டு வந்தால், இடம் கிடைத்த முதல் ஓரத்தில் ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள். வடகரை நெடுஞ்சாலையிலும் மெதுவாகச் செல்பவர்கள் வலது ஓரக் கோட்டின்மேல் ஒதுங்கி ஓட்டுவதே வழக்கம்.

ஆடுகள் வளைவின் மறுபக்கம்தான் படுத்திருக்கும். மழைக்குப் பின் பாறைத்துண்டுகள் சாலையில் கிடக்கும். கோடை முழுவதும் காய்ந்த தாரின்மேல் விழும் முதல் மழை எண்ணெய்போல வழுக்கும். மண்சாலையில் கம்பிக் கதவு குறுக்கிட்டால், ஆடுகள் வெளியேறாமல் தடுக்க மேய்ப்பர் வைத்தது அது. திறந்து சென்று, பின்னால் மறுபடி கட்டிவிட்டுப் போங்கள். இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும்.

பெட்ரோல் நிலையங்கள் மலையூர்களில் அரிது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கவும் கூடும். பாதித் தொட்டி காலியானவுடன் நிரப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பின் உணவகத்தார் இலவசமாகக் கொண்டுவந்து வைக்கும் ராக்கி என்னும் திராட்சைச் சாராயத்தை, ஓட்டுபவர் மட்டும் நெஞ்சில் கைவைத்து மறுத்துவிடலாம்; யாரும் வருத்தப்படுவதில்லை. அவசர உதவிக்கு எண் 112.

ஐந்தாம் படி: எந்தச் சாலையில் இறங்குவது

தென்மேற்கு முனையில் பலியோஹோரா என்னும் சிற்றூரைத் தங்குமிடமாகக் கொள்வதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஹானியாவிலிருந்து செல்லும் சாலை காந்தானோஸ் வழியாகப் போகிறது. 1941 ஜூன் 3 அன்று ஜெர்மானியப் படையால் அழிக்கப்பட்ட அவ்வூரில் நினைவுக் கற்கள் இருக்கின்றன. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். பலியோஹோரா கடலுக்குள் நீட்டிய நாக்குப்போன்ற நிலத்தில் அமைந்திருப்பதால், அதற்கு மேற்கே ஒரு மணல் கரையும் கிழக்கே ஒரு கூழாங்கல் கரையும் உண்டு. காற்று ஒருபக்கம் தொல்லை தந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போனால் போதும். ஊருக்குக் கிழக்கே, ஆனிதிரி கிராமத்துக்குக் கீழே இருக்கும் யியாலிஸ்காரியில் பாறைகளால் பிரிந்த சிறுசிறு வளைகுடாக்கள் உள்ளன. மேற்கே, பிளாஸ்டிக் பசுங்குடில்களைக் கடந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டரில் க்ரியோஸ் கரை. கடைசிப் பகுதி மண்சாலை. பசுங்குடில்களின் காட்சி அழகானதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த அழகின்மைதான் அந்தக் கரையைக் காத்திருக்கிறது.

எலஃபோனிசிக்குச் சற்றுக் கிழக்கே கெத்ரோதாசோஸ் இருக்கிறது. பெயருக்குப் பொருள் கேதாரு வனம் என்றாலும், மணல்மேடுகளில் முறுக்கிக்கொண்டு நிற்பவை உண்மையில் ஜூனிபர் மரங்கள். கடை இல்லை, குடை இல்லை, குடிநீர் இல்லை. மரங்களின் வேர்கள் மணலின் மேல்பரப்பை ஒட்டிப் படர்பவை. அவற்றின்மேல் நடப்பதும் துணி விரிப்பதும் மரத்தைக் கொல்லும் என்பதால், நிழலின் விளிம்பிலேயே உட்காருங்கள்.

அடுத்து சூயா. நீண்ட கூழாங்கல் கரை, ஒரே தெரு, அதன் ஓரத்தில் சில உணவகங்கள். ரப்பர் அடிப்பாகம் கொண்ட கடல் செருப்பு இல்லாமல் இங்கே தண்ணீரில் இறங்குவது வேதனை. கரையின் கிழக்குக் கோடியில் சிலர் ஆடையின்றிக் குளிப்பது பல காலமாக உள்ள வழக்கம் என்பதையும் குடும்பத்தோடு செல்பவர்கள் முன்பே அறிந்திருப்பது நல்லது. துறையிலிருந்து மேற்கே ஒரு பள்ளத்தாக்கில் ஏறி இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்தால் லிஸ்ஸோஸ். அஸ்கிலிப்பியோஸ் என்னும் மருத்துவக் கடவுளின் கோயில் இடிபாடும், அதன் வண்ணக்கல் பதித்த தரையும், அருகே ஆளற்ற ஒரு சிறு கரையும் அங்கே இருக்கின்றன. வெயிலேறும் முன்பே கிளம்ப வேண்டும்.

நடுப்பகுதிக்கு, வெண்மலைகளின் கிழக்கு விளிம்பைக் கடந்து ஹோரா ஸ்ஃபகியோனுக்கு இறங்கும் சாலையை எடுங்கள். இம்ப்ரோஸ் ஊரைத் தாண்டியதும் லிபியக் கடல் முழுவதும் காலடியில் விரியும். அதைப் பார்க்க வண்டியை நிறுத்திவிடுங்கள், ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டாம். கீழே இறங்கிக் கிழக்கே திரும்பினால் சுமார் 13 கிலோமீட்டரில் ஃபிராங்கோகாஸ்தெல்லோ. வெனிசியர்கள் 1371 முதல் 1374 வரை கட்டிய கோட்டை கடலோரத்தில் தனித்து நிற்கிறது. கோட்டையடியில் கடல் முழங்காலளவு ஆழத்தில் வெகுதூரம் செல்வதால் சிறு குழந்தைகளுக்கு இதைவிட ஏற்ற இடம் தென்கரையில் இல்லை என்பது என் கருத்து. 1828-இல் இங்கே போரிட்டு மாண்ட வீரர்களின் நிழல்கள் மே மாத இறுதி விடியல்களில் கடலோரமாக அணிவகுத்துச் செல்வதாக ஊரார் சொல்வார்கள். அவற்றுக்கு ‘திரோசுலீதெஸ்’, அதாவது பனித்துளி மனிதர்கள் என்று பெயர். கிழக்கே சற்று நடந்தால், மணற்குன்று சரிந்து கடலைத் தொடும் ஓர்தி ஆம்மோஸ்.

அங்கிருந்து ரொதாகினோ வழியாகப் பிளாகியாஸ் போகலாம். அங்கே தங்குவதைவிடக் கடந்து செல்வதையே பரிந்துரைப்பேன். அருகிலுள்ள பிரேவெலியில் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கிரீட்டின் பேரீச்ச மரக்காடு நிற்கிறது; 2010-இல் தீயில் கருகிய அது பிறகு துளிர்த்துவிட்டது. ஆனால் படகுகளும் வருவதால் நண்பகலில் அமைதி இராது. காலை முதல் ஆளாகப் படியிறங்குங்கள். மேலும் கிழக்கே, ஸ்பிலி ஊரில் சிங்க முகங்களிலிருந்து கொட்டும் ஊற்றில் நீர் நிரப்பிக்கொண்டு, அகூமியாவில் தெற்கே திரும்பினால் திரியோபெத்ரா வருகிறது. கடலிலிருந்து எழும் மூன்று பாறைகளால் பெற்ற பெயர் அது. பாறைகளுக்கு இருபுறமும் நீண்ட மணல் கரை. சில உணவகங்கள், சில அறைகள், வேறொன்றும் இல்லை. இரண்டு இரவு தங்க இதையே தேர்ந்தெடுப்பேன். பக்கத்திலுள்ள ஆயியோஸ் பாவ்லோஸின் மணற்சரிவில் இறங்குவது இன்பம், ஏறுவது தவம்.

மெசரா சமவெளியின் ஓரத்தில் உள்ள கொம்மோஸ் கரையை அமைதிக்காக மட்டுமல்ல, அதன் பின்னணிக்காகவும் சேர்க்கலாம். 1976 முதல் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட, கிரீட்டின் பண்டைய வெண்கலக் கால நாகரிகமான மினோவன் காலத்தின் துறைமுகம் மணலை ஒட்டியே கிடக்கிறது. இக்கரையில் பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. கம்பிக்கூண்டு வைத்த இடங்களை அணுகக் கூடாது, குடைக்காகக் கம்பு நடுவதானால் நீர்விளிம்பை ஒட்டியே நட வேண்டும். அருகிலுள்ள அஸ்தெருசியா மலைகளுக்குப் பின்னால் இன்னும் தனிமையான கரைகள் உண்டு என்றாலும், அங்கே இறங்கும் மண்சாலைகள் வாடகைச் சிற்றுந்துக்கு ஏற்றவையல்ல.

கிழக்குக் கோடியைப் பெரும்பாலோர் தொலைவென்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நன்றி. சிதியாவிலிருந்து பாலேகாஸ்திரோ வழியாகச் சென்றால், பேரீச்சங்காட்டால் புகழ்பெற்ற ‘வாய்’ என்னும் கரைக்குக் கூட்டம் திரும்பும் இடத்தில், வடக்கே இன்னும் சிறிது தூரம் போய் இதானோஸின் பழநகர இடிபாடுகளுக்குக் கீழே உள்ள சிறு கரைகளில் இறங்கலாம். தெற்கே, மேல் ஸக்ரோஸைத் தாண்டினால் சாலை காதோ ஸக்ரோஸுக்கு இறங்குகிறது. மினோவன் அரண்மனையொன்றின் இடிபாடும், கூழாங்கல் வளைகுடாவும், சில உணவகங்களுமே அந்த ஊர். ஸக்ரோஸிலிருந்து பிரியும் மற்றொரு சாலை க்ஸெரோகம்போஸுக்குப் போகும். இந்த வழிகாட்டியில் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஆலிவ் தோப்புகளுக்குக் கீழே மணல் கரைகளும் பாறை மறைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒன்றில் நான்கு பேர் இருந்தால் அடுத்ததற்கு நடந்துவிடலாம். திரும்பும்போது அதே வழியில் வராமல், ஸிரோஸுக்கு ஏறும் சாலையை எடுத்தால், கீழே விட்டுவந்த கரைகள் அத்தனையையும் வளைவுக்கு வளைவு மறுபடி காணலாம்.

ஆறாம் படி: கரையில் நடந்துகொள்ளும் முறை

மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. ஆகவே காலையில் விரித்த துணி மாலையிலும் நனையாது. ஆனால் இக்கரைகளில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எண்ண வேண்டாம். பாறைகளில் கடல்முள்ளெலிகள் ஒட்டியிருக்கும். ஓர் ஆளுக்கு மூன்று லிட்டர் நீர், நிழலுக்குக் குடை, சிறு உணவகங்களுக்காகச் சில்லறைப் பணம், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை ஆகியவை வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

கிரேக்கத்தில் கடற்கரை பொதுச்சொத்து. சாய்வு நாற்காலிக்காரர் வாடகை கேட்டாலும், காலியான மணலில் உங்கள் துணியை விரிக்க உரிமையுண்டு. 2024-இல் அரசு 198 கரைகளைக் ‘காலடி படாதவை’ என்று பட்டியலிட்டு, அங்கே நாற்காலிகளையும் குடைகளையும் வாடகைக்குப் போடுவதைத் தடைசெய்தது. பிறகு அப்பட்டியல் நீண்டிருக்கிறது. அமைதி தேடுபவருக்கு அந்தப் பட்டியலே ஒரு வரைபடம். மணலின்மேல் வண்டியை ஏற்றுவதும், அனுமதிபெற்ற முகாம்களுக்கு வெளியே கூடாரம் அடிப்பதும் சட்டவிரோதம். மே 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்தவெளியில் தீ மூட்டவும் தடை உண்டு. வறண்ட புல்லின்மேல் சூடான வண்டியை நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும்.

பயணத்தின் கடைசி இரவை மட்டும் வடகரையில், விமான நிலையத்துக்கு அருகே வைத்துக்கொள்ளுங்கள். மலையைக் கடக்கும் சாலையில் ஒரு பாறைச் சரிவோ ஓர் ஆட்டு மந்தையோ விமானத்தைத் தவறவைக்கப் போதுமானது. வண்டியை ஒப்படைக்கும் முன், முதல் நாள் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரங்களைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். வண்டிக்குள் விரித்திருக்கும் மிதியடிகளை வெளியே எடுத்து உதறினால், பல கரைகளின் மணல் கலந்து விழும்.